டர்பன் ஒயின் குழு: படிக்கம் வைப்பதா, வேண்டாமா?

கடலோரவாசி (டர்பன்):

எல்லோருக்கும் வணக்கம். நாலு குடும்பமாகச் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை ஒயின் சுவைத்துப் பார்க்கிறோம் என்று போன வருஷம் இங்கே எழுதியிருந்தேன். இப்போது பன்னிரண்டு பேர் ஆகிவிட்டோம். ஆளுக்கு மாதம் 250 ரேண்ட். இந்த ஊரில் ஸ்டோக்வெல் என்பார்கள், நமக்குச் சீட்டு. ஏலம் மட்டும் கிடையாது. யார் வீட்டில் கூடுகிறோமோ அவர்கள் ஐந்து பாட்டில் வாங்கி வைப்பார்கள், மற்றவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவார்கள்.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப மேசை நடுவில் ஒரு எவர்சில்வர் வாளி வைத்தேன். நண்பர் ஒருவரின் அப்பா மதுரையிலிருந்து வந்திருக்கிறார், எழுபது தாண்டியவர். குடிப்பவர் இல்லை, சும்மா கூட வந்தார். முதல் ஆள் வாளியில் துப்பியதும், "சாப்பிடுற மேசையிலயா எச்சில் துப்புறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெராண்டாவுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒருத்தரும் துப்பவில்லை. ஐந்தையும் விழுங்கினோம். இரவு பத்து மணிக்கு மூன்று கார்கள் கிளம்பின. ஒருவர் சாட்ஸ்வர்த் வரை போக வேண்டும். "வந்து சேர்ந்துட்டேன்" என்று அவரிடமிருந்து செய்தி வரும்வரை, கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நீங்களெல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம், செப்டம்பரில் புரட்டாசி பிறக்கிறது. குழுவில் பாதிப் பேர் அசைவமும் தொட மாட்டார்கள், குடியும் தொட மாட்டார்கள். அந்த மாதக் கூட்டத்தை விட்டுவிடுவதா?

ஜோபர்க்காரன் (ஜோஹன்னஸ்பர்க்):

பெரியவர் கேட்டதில் தப்பே இல்லை. துப்புவது பிரச்சினை இல்லை, பொது வாளிதான் பிரச்சினை. என் தாத்தா கட்டிலுக்குக் கீழே பித்தளைப் படிக்கம் இருந்தது. வெற்றிலைச் சாற்றை அதில் துப்பிக்கொண்டேதான் ஊர் வழக்கெல்லாம் பேசித் தீர்ப்பார், யாரும் முகம் சுளித்ததில்லை. அது அவர் படிக்கம், அவர் எச்சில். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் முதலில் காகிதக் கோப்பை வைத்துப் பார்த்தோம், அரை மணி நேரத்தில் அடி ஊறி ஒழுகிவிட்டது. இப்போது ஆளுக்கொரு சின்ன எவர்சில்வர் சொம்பு. கழுத்து குறுகல் என்பதால் உள்ளே இருப்பது பக்கத்து ஆள் கண்ணில் படாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி காரியத்தை முடித்துவிடலாம்.

மேசைமலை (கேப் டவுன்):

கடலோரவாசித் தம்பி, ஒருக்கால் கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஒரு பாட்டில் 750 மி.லி. ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் ஒரு பாட்டில் பதினைந்து பேருக்கு வரும், உங்கள் பன்னிரண்டு பேருக்குத் தாராளம். ஆனால் ஐந்து வகை என்றால் ஆளுக்கு 250 மி.லி., அதாவது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. கேப் ஒயினில் 13, 14 சதவீதம் ஆல்கஹால் இருப்பது சாதாரணம். இங்கே சட்டம் சொல்கிற வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 0.05 கிராம், தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. "சும்மா ருசி பார்த்தோம்" என்று விழுங்குகிறவர்களில் பலர் அந்த வரம்பைத் தாண்டித்தான் காரில் ஏறுகிறார்கள்.

இங்கே தோட்டங்களுக்குப் போனால் ஒயின் செய்கிறவர்களே பீப்பாயிலிருந்து எடுத்து, வாயில் சுழற்றிவிட்டு, தரையில் ஓடும் வடிகாலில் நேராகத் துப்புவார்கள். எனக்கும் முதல் தடவை குமட்டியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? பிறகு விளங்கியது: சுவையில் பாதிக்கு மேல் மூக்கு வேலை. விழுங்காவிட்டால் ஒன்றும் குறையாது. கடைசியில் பிடித்த ஒன்றை மட்டும் சாப்பாட்டோடு அரை கிளாஸ் குடித்தால் போதும். காரை விட்டுவிட்டு வாடகை வண்டியில் வாருங்கோ.

புதுவரவு (டர்பன்):

வணக்கம் அண்ணா, அக்கா. டர்பன் வந்து மூன்று மாதம் ஆகிறது. கடையில் சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் பாட்டிலில் டர்பன்வில் என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போய்வரலாமா? பஸ் உண்டா?

ஆயாவின்பேரன் (டர்பன்):

தம்பி, பஸ் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வர முடியாது. டர்பன்வில் கேப் டவுன் பக்கம் இருக்கிறது, இங்கிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல். கேப்பில் ஆளுநராக இருந்த பெஞ்சமின் டர்பன் என்ற ஒரே ஆள் பெயரைத்தான் இரண்டு ஊருக்கும் வைத்தார்கள். அந்த ஊரின் பழைய பெயர் பாம்பூன்கிரால், அதாவது பூசணிப் பட்டி. அதையே விட்டிருந்தால் உனக்குக் குழப்பம் இருந்திருக்காது. பக்கத்தில் வேண்டுமென்றால் மிட்லாண்ட்ஸில் லயன்ஸ் ரிவர் பக்கம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, காரில் போய்வரலாம்.

என் தமிழ் ஆயாவிடம் கொஞ்சம், சனிக்கிழமை வகுப்பில் கொஞ்சம் கற்றது. தப்பு இருந்தால் திருத்துங்கள். எங்கள் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தது. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்ததே, அதற்குச் சில வருஷம் கழித்து. கரும்பு எங்களை விடவே இல்லை. எங்கள் தாத்தா குடித்ததும் கரும்பிலிருந்து காய்ச்சிய கேன்தான், கோக் கலந்து. அதற்கு இங்கே 'ஸ்பூக் அண்ட் டீசல்' என்று பெயர். ஒயின் என்றால் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்பார். நாற்பது வயதில் இந்தக் குழுவில்தான் முதன்முதலாக ஒழுங்கான ஒயின் கிளாஸைப் பிடித்தேன்.

எனக்குக் கஷ்டம் குடிப்பதில் இல்லை, பேசுவதில். பாட்டில் பின்னால் 'கூஸ்பெரி' என்று எழுதியிருக்கும். நான் இங்கே கிடைக்கும் கேப் கூஸ்பெரியை நினைத்துக்கொண்டு தேடுவேன், அந்தக் காகித உறைக்குள் இருக்கும் மஞ்சள் பழம். கடலோரவாசி அண்ணன் நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு தேடுவார். இரண்டு பேருக்கும் கிடைக்காது.

மேசைமலை (கேப் டவுன்):

ரெண்டு பேருக்கும் கிடைக்காததில் ஆச்சரியமே இல்லை. உங்கள் மஞ்சள் பழம் நம்ம ஊர்ச் சொடக்குத் தக்காளியின் சொந்தக்காரி. அண்ணனின் நெல்லிக்காய் வேறு மரம். பாட்டிலில் எழுதியவர் சொல்வது ஐரோப்பாவில் முள்செடியில் காய்க்கும் மூன்றாவது ஒன்று. அதை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டோம்?

அதனால்தான் நான் குறிப்பெல்லாம் தமிழில் எழுதத் தொடங்கினேன். ஷெனின் பிளாங்க் என்றால் கொய்யா, அதுவும் வெட்டிய உடனே வருகிற வாசம். சாவிஞான் பிளாங்க்கில் பச்சைக் குடைமிளகாய். கெவுர்ஸ்ட்ராமினர் என்றால் டிசம்பரில் உங்கள் டர்பன் தெருவோரத்தில் விற்கிற லிச்சி, கூடவே பன்னீர் ரோஜா. ஷிராஸில் வருகிற மிளகு வாசம் கற்பனையே இல்லை. மிளகுக்கு அந்த வாசனையைக் கொடுக்கும் ரோட்டண்டோன் என்ற பொருள்தான் அந்தத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. டானின் என்று எழுதிக் குழம்ப வேண்டாம், நமக்குத் துவர்ப்பு என்று அறுசுவையிலேயே ஒன்று இருக்கிறது. நாவல்பழத் துவர்ப்பா, வாழைப்பூத் துவர்ப்பா, பாக்குத் துவர்ப்பா என்று கேளுங்கோ, மேசையில் எல்லோரும் வாய் திறப்பார்கள்.

கடலோரவாசி (டர்பன்):

அக்கா, இதைத்தான் போன மாதம் நேரில் பார்த்தேன். ஐந்தாவதாக பினோடாஜ் என்ற சிவப்பு ஒயின். நான் இணையத்தில் படித்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் இருக்கும் துளசிமாடம் கிளாஸை வாங்கி மோந்துவிட்டு, "நகப்பூச்சு பாட்டிலைத் திறந்த மாதிரி இருக்கு, அப்புறம் கனிஞ்ச வாழைப்பழம்" என்றார். எல்லோரும் மறுபடி மோந்து பார்த்தோம். அப்படியே இருந்தது. அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

மேசைமலை (கேப் டவுன்):

சரியான மூக்கு! பினோடாஜ் மேல் பலரும் வைக்கிற குற்றச்சாட்டே அதுதான், முன்பு செய்தவற்றில் இன்னும் அதிகம். நொதிக்கும்போது சூடு கட்டுக்குள் இல்லாவிட்டால் அந்த வாடை தூக்கும்.

அந்தத் திராட்சையின் கதை தெரியுமா? 1925ல் ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆப்ரஹாம் பெரோல்ட் பினோ நுவார், சின்ஸோ என்ற இரண்டு திராட்சை வகைகளை இனக்கலப்புச் செய்தார். கிடைத்தது நாலே நாலு விதை. அதைத் தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டுவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டார். தோட்டத்தைத் துப்புரவு செய்ய ஆள் வந்தபோது, விஷயம் தெரிந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் அந்தப் பக்கமாகப் போனதால் கன்றுகள் தப்பின. சின்ஸோவுக்கு அப்போது இங்கே ஹெர்மிடாஜ் என்று பெயர். பினோவும் ஹெர்மிடாஜும் சேர்ந்து பினோடாஜ். புருஷன் பெயரும் பெண்சாதி பெயரும் சேர்த்து வீட்டுக்கு வைப்பார்களே, அந்த மாதிரி.

பழையகணக்கு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

எல்லாம் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொய்யா, லிச்சி என்று மணக்க மணக்கப் பேசுகிற இந்தச் சரக்கைத்தான் கேப் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்காகத் தொழிலாளிக்கு ஊற்றினார்கள். டாப் முறை என்று பெயர். வேலைக்கு நடுவே தகரக் குவளையில் ஒரு நாளைக்குப் பல தடவை. சட்டப்படி தடை வந்த பிறகும் பல தோட்டங்களில் பல ஆண்டுகள் நடந்தது. தாய் குடித்ததால் வயிற்றிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் அந்த மாகாணத்தில் இன்றும் மிக அதிகம். நான் ஆசிரியராக இருந்தவன். குடியால் வகுப்புக்கு வராமல் போன பிள்ளைகளை இங்கேயே பார்த்தவன். சாராயத்துக்கு எதிராகத் தலைமுறை தலைமுறையாகப் பேசிய சமூகம், இப்போது கிளாஸைச் சுழற்றுவதை நாகரிகம் என்று நினைக்கிறதா?

கடலோரவாசி (டர்பன்):

ஐயா, கோபம் இல்லை. அந்தக் குவளை விவரம் எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் குடிக்காமல் விட்டால் அந்தத் தொழிலாளிக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

மேசைமலை (கேப் டவுன்):

ஐயா சொல்வது உண்மை, குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்றுகூடச் சொல்வேன். அதற்கும் முந்தைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1659 பிப்ரவரி 2 அன்று கேப் திராட்சையில் முதன்முதலாக ஒயின் பிழிந்ததாக கேப்பில் டச்சுக்காரர்களின் தலைவராக இருந்த யான் ஃபான் ரீபீக் தன் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு இந்தத் தோட்டங்களை வெட்டித் திருத்தியது யார்? கப்பலில் பிடித்துக் கொண்டுவந்த அடிமைகள். அவர்களில் வங்காளத்திலிருந்தும் நம்ம சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. கரும்புக்கு நம் ஆட்கள் வருவதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்னாலேயே திராட்சைக் கொடிக்கு வந்துவிட்டார்கள். 1685ல் கான்ஸ்டான்ஷியா தோட்டத்தைப் பெற்ற ஆளுநர் சைமன் ஃபான் டெர் ஸ்டெல்லுக்கே தாய்வழிப் பாட்டி இந்தியப் பெண். எஜமான் பக்கமும் நாம்தான், அடிமைப் பக்கமும் நாம்தான்.

நான் செய்வது இவ்வளவுதான். தோட்டத் தொழிலாளர் நிலையைச் சோதித்துக் கொடுக்கிற ஒரு முத்திரை சில பாட்டில்களில் இருக்கும், வியேட்டா என்று. நியாய வணிக முத்திரையும் உண்டு. அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவேன். முத்திரை எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது, அதுவும் தெரியும்.

பழையகணக்கு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

சோழமண்டல விஷயம் நான் அறியாதது. நன்றி அம்மா. என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

துளசிமாடம் (டர்பன்):

நகப்பூச்சு சொன்னது நான்தான். என் பக்கத்தையும் கேளுங்கள். நான் குடிப்பதில்லை, கூட்டத்துக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் என்ன நடந்தது தெரியுமா? கிளாஸ் வைத்திருக்கிறவர்கள் மேசையில், வைக்காதவர்கள் அடுக்களையில். நானும் இன்னும் இரண்டு பெண்களும் வடை சுட்டுக்கொண்டே இருந்தோம். நாலாவது மாதம் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக மேசையில் போய் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு கிளாஸ், மோந்து பார்க்க மட்டும்" என்றேன். அன்றிலிருந்து எனக்கும் ஒரு நாற்காலி.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். திராட்சைச் சாறுதானே, இதில் என்ன அசைவம் என்று நானும் நினைத்தேன். கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் நெட்டியிலிருந்து, அதாவது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசை எல்லாம் போடுகிறார்கள். கசடோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், வடித்துவிடுவார்கள் என்றாலும் எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளிய வைப்பதும் உண்டு. வீகன் என்று எழுதிய பாட்டில் வாங்கினால் குழப்பம் இல்லை.

புரட்டாசிக்குக் கூட்டத்தை ஏன் விடவேண்டும்? செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் விடுமுறை. ஊரெல்லாம் பிராய் அடுப்பு போட்டு ஆட்டுக்கறி சுடுவார்கள், நாம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு ரூயிபோஸ் தேநீர் சுவைக்கலாம். அது கேப் பகுதியில் செடர்பெர்க் மலைப் பக்கம் மட்டுமே விளைகிற செடி. ஷாம்பெயினுக்கு இருக்கிற மாதிரி அதன் பெயருக்கும் 2021ல் ஐரோப்பாவில் பாதுகாப்பு கிடைத்தது. புளிக்க வைத்த சிவப்பு, புளிக்காத பச்சை, கூடவே ஹனிபுஷ் என்ற இன்னொரு செடியின் தேநீர். அதே கிளாஸ், அதே குறிப்புத்தாள். வாளி வேண்டாம், வாடகை வண்டி வேண்டாம். சாப்பாட்டுக்கு சுகர் பீன்ஸ் குழம்பு, புளியோதரை, பூசணிக்காய்ப் பொரியல். பெரியவர் ஊருக்குத் திரும்பாமல் இருந்தால் அவரையும் அழைத்துவரச் சொல்லுங்கள்.

ஜோபர்க்காரன் (ஜோஹன்னஸ்பர்க்):

அக்கா, உங்களைத் தலைவியாகப் போட்டுவிட்டுக் கடலோரவாசியை அடுக்களைக்கு அனுப்பலாம்.

மூக்கு என்றதும் எங்கள் குழுவில் நடந்தது ஞாபகம் வருகிறது. கூட்டத்தில் அன்று இருந்ததிலேயே விலை அதிகமான பாட்டில். மின்வெட்டு வேறு, மெழுகுவத்தி வெளிச்சம். ஒருவர் "ஆழம்" என்றார், இன்னொருவர் "காட்டு மண்" என்றார். எனக்கு மழைக்காலத்தில் மூலையில் ஈரத்தோடு கிடந்த கோணிப்பை நாற்றம் அடித்தது. விலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரரின் பன்னிரண்டு வயது மகள் அந்தப் பக்கமாகப் போனவள், "என்னப்பா, நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம்?" என்றாள். கார்க்கில் வருகிற கெடுதல் அது, பாட்டிலே பாழ். மறுநாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், பாதி குடித்துவிட்டு வந்து நாற்றம் என்கிறீர்களே என்றார்கள். பாதியை ஆழம், காட்டு மண் என்று சொல்லிக் குடித்தது நாங்கள்தானே, பதில் பேச முடியவில்லை. இப்போது திறந்ததும் ஒரு தடவை மோந்து பார்த்து, சந்தேகம் என்றால் உடனே மூடிவிடுகிறோம்.

புதுவரவு (டர்பன்):

அண்ணா, அக்டோபர் கூட்டத்துக்கு நானும் வரலாமா? நண்டுக் குழம்பு நன்றாக வைப்பேன். என்ன ஒயின் வாங்கட்டும்? கேபர்னே என்று சொல்கிறார்கள்.

கடலோரவாசி (டர்பன்):

வா தம்பி. கேபர்னே மட்டும் வேண்டாம். ஜனவரியில் நான் புளி ஊற்றிய மீன் குழம்போடு அதைத்தான் வைத்தேன், எல்லோரும் இரும்புக் கரண்டியை நக்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புமாம். போதாததற்குக் காரமும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும், ஆல்கஹால் அதற்கு மேல் எண்ணெய் ஊற்றும். டர்பன் மசாலாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நண்டுக்குக் கொஞ்சம் இனிப்பு தங்கிய ஷெனின் பிளாங்க் வாங்கு, இனிப்பு காரத்தை அடக்கும். புளி தூக்கலாக இருந்தால் ஒயினிலும் புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் தண்ணீராகத் தெரியும். ஷெனினில் அது இரண்டும் உண்டு. இந்த நாட்டில் அதிகமாகப் பயிராவதும் அதுதான், ஸ்டீன் என்றும் சொல்வார்கள், கடையில் தேட வேண்டியிருக்காது.

ஆட்டுக்கறிக்கு ஷிராஸ் நான் பார்த்துக்கொள்கிறேன். சிவப்பை அறைச் சூட்டில் கொடுக்க வேண்டும் என்று படித்துவிட்டு அப்படியே மேசையில் வைத்துவிடாதே. அது குளிர்நாட்டு அறை. நம் ஊர் வெக்கைக்கு அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்தால்தான் வாயில் வைக்க முடியும்.

ஆயாவின்பேரன் (டர்பன்):

நான் ஆயாவின் முறையில் ஆட்டுக்கறி கொண்டுவருகிறேன், உருளைக்கிழங்கு போட்டு. யாரும் குறை சொல்லக்கூடாது.

கடலோரவாசி (டர்பன்):

சரி, முடிவு இதுதான். செப்டம்பர் 24 துளசிமாடம் வீட்டில் ரூயிபோஸ். புரட்டாசி முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை ஆயாவின்பேரன் வீட்டில் ஐந்து ஒயின், ஐந்திலும் வீகன் எழுத்து இருக்கிறதா என்று நானே பார்த்து வாங்குகிறேன். யாரும் கார் ஓட்டி வரக்கூடாது, வாடகை வண்டிக்குச் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்துவிடலாம், பாட்டில் கொஞ்சம் விலை குறைவாக வாங்கினால் போகிறது. குறிப்பெல்லாம் தமிழில். வாளியைக் கார் கழுவ எடுத்துக்கொண்டேன்.

பெரியவரிடமும் பேசினேன். படிக்கம் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். "அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார். ஷிராஸ் கிளாஸை நீட்டினேன், மோந்து பார்த்துவிட்டு, "வெல்ல மண்டிக்குள்ள மிளகு மூட்டை வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி சொம்புதான் பாக்கி. பன்னிரண்டு எங்கே வாங்குவது?

துளசிமாடம் (டர்பன்):

வாங்க வேண்டாம். எங்கள் கல்யாணத்துக்கு வந்தது பதினேழு, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் அலமாரி மேலே இருக்கிறது. பெயர் பொறித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எட்டாது, உயரமான ஆள் யாராவது வந்து இறக்கிக்கொண்டு போங்கள்.